எஸ்கியூலைட் நீட்சிகளும் பாலாற்றுப் படுகையின் பதிவேடுகளும்

கருநாடகத்து நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஆம்பூர், வேலூர், மேல்விசாரம், இராணிப்பேட்டை எனக் கிழக்கே நீளும் அதன் படுகை, இந்தியத் தோல் தொழிலின் தலையாய நிலங்களுள் ஒன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட இந்நிலத்தில் பின்னர்க் குரோமிய உப்பு புகுந்தது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் மண்ணில் இறங்கிக் கிணறுகளை அடைந்தது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991 இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வெளிவந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக நிலைநாட்டியது. ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஒவ்வாததாகிவிட்டது என்னும் வேலூர் வேளாண் ஆய்வு மையத்தின் கணிப்பு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அதன்வழி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 இல் பாதிக்கப்பட்டோர் என 29,193 பேரைக் கண்டறிந்தது. 2025 சனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இப்படுகையின் இழப்பீடு குறித்தும் கண்காணிப்பு குறித்தும் மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது.

இவ்வழக்கின் ஒவ்வொரு படியிலும் பதிவேடுகளே சான்றாய் நின்றன. எவர் கிணறு, எந்த ஊர், தொழிற்சாலையிலிருந்து எவ்வளவு தொலைவு, எந்த ஆண்டில் நீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்னும் வினாக்களுக்கு விடை தரும் ஏடுகள் அவை. ஊராட்சி அலுவலகத்திலும், பள்ளியிலும், உழவர் சங்கத்திலும், தொழிற்சாலைக் கணக்கரிடத்திலும் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அளவிற் சிறியவை. பல தமிழில் எழுதப்பட்டவை. இத்தகைய பதிவுகளைச் செம்மையாகக் காக்க, விலையில்லாததும் எளியதுமான ஒரு தரவுத்தளம் உலகில் உண்டு. எஸ்கியூலைட் என்பது அதன் பெயர். ஆயின் அதன் மையம் தமிழை முழுமையாக அறியாது. நிலத்தின் தொலைவையும் அறியாது. அவ்வறிவை அதற்கு ஊட்டுவன ஆர்வலர் எழுதிப் பேணும் நீட்சி நிரலகங்கள். அந்நீட்சிகள் இயங்கும் முறையையும், அவற்றைப் பேணும் கடமையில் தமிழர்க்கு உரிய பங்கையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்

ரிச்சர்டு ஹிப் என்னும் அமெரிக்க நிரலாளர், அந்நாட்டுக் கடற்படையின் ஆஸ்கர் ஆஸ்டின் என்னும் ஏவுகணைக் கப்பலுக்கான மென்பொருள் ஒன்றில் பணியாற்றி வந்தார். அம்மென்பொருள் தனியே இயங்கும் ஒரு தரவுத்தள வழங்கியைச் சார்ந்திருந்தது. வழங்கி நின்றால் மென்பொருளும் செயலற்றுப் போனது. வழங்கியே தேவைப்படாத ஒரு தரவுத்தளம் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அங்கே பிறந்தது. 2000 ஆகஸ்டில் எஸ்கியூலைட்டின் முதற்பதிப்பு வெளியாயிற்று.

பிற தரவுத்தளங்கள் தனிக் கணினியில் இயங்கிக்கொண்டு, வினவுவோர்க்கு வலைப்பின்னல் வழியே விடை தருவன. எஸ்கியூலைட்டோ செயலியின் உள்ளேயே அமரும் ஒரு நிரலகம். அதன் அளவு பொதுவாக ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. அட்டவணைகள், தேடலை விரைவாக்கும் சுட்டுகள், தரவுகள் அனைத்தும் ஒரே கோப்பில் அடங்கும். அக்கோப்பைப் பென்டிரைவில் இட்டு வேறொரு கணினிக்கு எடுத்துச் செல்லலாம். மாற்றம் எதுவுமின்றி அங்கும் திறக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றாலும், பாதியில் நின்ற மாற்றத்தை மறுமுறை திறக்கையில் தானே விலக்கிக்கொண்டு முன்னைய நிலைக்கு மீளும். ஆண்ட்ராய்டு, ஐபோன் அலைபேசிகளிலும், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளிலும் இதுவே உள்ளிருந்து பணியாற்றுகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுகளை நெடுங்காலம் காத்தற்கேற்ற வடிவங்களுள் ஒன்றாக இதனைப் பரிந்துரைக்கிறது.

இதன் மூலநிரல் எவர்க்கும் உரிய பொதுவுடைமை. ஆனால் மையத்தை எழுதும் உரிமை மிகச் சிறிய ஒரு குழுவிடமே உள்ளது. மூலம் திறந்தது, பங்களிப்போ திறந்ததன்று என்பதைக் குழுவினரே வெளிப்படையாக அறிவித்துள்ளனர். பொதுவுடைமை என்னும் சட்டநிலை ஐயத்துக்கு இடமின்றி நிற்றல் வேண்டும் என்பது இதற்கு ஒரு காரணம். நிரலின் தரம் மற்றொரு காரணம். மைய நிரலைப்போல் ஏறத்தாழ 590 மடங்கு அளவுள்ள சோதனை நிரல்களை அவர்கள் எழுதியுள்ளனர். 2050 ஆம் ஆண்டுவரை இதனைப் பேணுவதாகவும் உறுதி கூறியுள்ளனர். இத்துணைக் கட்டுப்பாட்டுடன் காக்கப்படும் மையத்துள் உலகின் ஒவ்வொரு மொழிக்கும் துறைக்கும் இடமளித்தல் இயலாது. ஆகவே மையம் சிறிதாய் நிற்கிறது. அதனைச் சூழ நீட்சிகள் வளர்கின்றன.

நீட்சி இயங்கும் முறை

நிரலாளர் எக்ஸ்டென்ஷன் என வழங்கும் நீட்சி, தனித்துத் தொகுக்கப்பட்ட ஒரு நிரற்கோப்பு. இயங்கிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் அதனை நினைவகத்துள் ஏற்றி, அதன் தொடக்கச் செயற்கூற்றை அழைக்கும். அச்செயற்கூறு தான் கொண்டுவந்த புதிய ஆற்றல்களைப் பெயர் சொல்லிப் பதிவு செய்யும். அதன்பின் வினவல் எழுதுவோர்க்கு, மையத்தில் பிறந்த ஆற்றலுக்கும் நீட்சி கொணர்ந்த ஆற்றலுக்கும் வேறுபாடு தெரியாது. இவ்வாறு இயங்குநேரத்தில் ஏற்றும் வசதி 2006 இல் வந்தது.

நீட்சி நுழைவதற்கு முதன்மையான நான்கு வாயில்கள் உண்டு. ஒரு மதிப்பை வாங்கி மற்றொரு மதிப்பைத் தரும் செயற்கூறு முதல் வாயில். இரு சொற்களுள் எது முன், எது பின் எனத் தீர்மானிக்கும் வரிசைநெறி இரண்டாவது. முழுவுரைத் தேடலுக்காக உரையைச் சொற்களாக வெட்டும் சொற்பகுப்பி மூன்றாவது. வெளியிலுள்ள கோப்பையோ கணிப்பையோ அட்டவணைபோல் காட்டும் மெய்நிகர் அட்டவணை நான்காவது. பைத்தான் அறிந்த ஒரு கல்லூரி மாணவர், அம்மொழியோடு வரும் எஸ்கியூலைட் கூற்றைக்கொண்டு முதலிரு வாயில்களின் வழியே சில வரிகளிலேயே தம் செயற்கூற்றைச் சேர்த்துவிட முடியும்.

இவ்வசதியில் இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது பாதுகாப்பு பற்றியது. ஏற்றப்பட்ட நீட்சி, தாய்ச் செயலிக்குரிய அத்தனை உரிமைகளையும் பெற்றுவிடும். தீய நீட்சி கணினியையே கைப்பற்றலாம். எனவே நீட்சி ஏற்றும் வாயில் இயல்பாக மூடியே இருக்கும். செயலியை எழுதுவோர் அறிந்து திறந்தாலன்றித் திறவாது. இரண்டாவது எச்சரிக்கை பதிவேட்டைக் காப்போர்க்கு இன்றியமையாதது. ஒரு நீட்சியின் வரிசைநெறியைக்கொண்டு சுட்டு அமைத்துவிட்டால், அந்நீட்சி இல்லாத கணினியில் அந்நெறியைச் சார்ந்த வினவல் பிழையென மறுக்கப்படும். நீட்சியின் புதிய பதிப்பில் வரிசை சிறிது மாறினாலும், பழைய சுட்டு தவறான விடைகளைத் தரத் தொடங்கும். சுட்டுகளை மீண்டும் அமைத்தாக வேண்டும். கோப்பு நூறாண்டு நிலைத்தாலும், அதனைச் செம்மையாகப் படிக்க உதவும் நீட்சி பேணப்படாவிடில் பதிவேடு ஊனமுறும் என்பதை இதனால் உணரலாம்.

எழுத்தை எண்ணுதலும் வரிசைப்படுத்தலும்

ஆம்பூர் என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்டால், ஆ, ம், பூ, ர் என நான்கு என்று தொடக்கப்பள்ளி மாணவரும் விடையிறுப்பார். எஸ்கியூலைட்டின் நீளம் காணும் செயற்கூறோ ஏழு என்னும். காரணம் யூனிகோடு எனப்படும் ஒருங்குறியின் அமைப்பு. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. உயிரும் அகரமேறிய மெய்யும் தனிக் குறியீடுகள். புள்ளியும் உயிர்க்குறியும் அவற்றின்பின் வந்து சேரும் வேறு குறியீடுகள். ஆ, ம, புள்ளி, ப, ஊகாரக்குறி, ர, புள்ளி என ஏழு குறியீடுகள் அப்பெயரில் உள்ளன. ஒவ்வொன்றும் கோப்பில் மூன்று பைட்டு கொள்ளும். ஆக 21 பைட்டு. தமிழ் எழுத்தை எழுத்தாக எண்ணும் அறிவு மையத்தில் இல்லை. ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற பைத்தான் நிரலகம் இப்பகுப்பைச் செய்கிறது. அதனை ஒரு செயற்கூறாகப் பதிவு செய்தால் எஸ்கியூலைட்டும் நான்கு என்று விடை தரும்.

வரிசைப்படுத்தலில் இடர் இன்னும் பெரிது. மையத்தின் இயல்பான வரிசைநெறி பைட்டுகளை ஒப்பிடுவதொன்றே. தமிழ் நெடுங்கணக்கின் மெய்வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என முடிவது. ஒருங்குறியிலோ ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ என இடங்கள் அமைந்துள்ளன. அப்துல், அமுதா, அலமேலு, அறிவழகன், அன்பழகன் என்று அகரவரிசையில் நிற்க வேண்டிய பெயர்களை, அன்பழகன், அப்துல், அமுதா, அறிவழகன், அலமேலு என எஸ்கியூலைட் அடுக்கும். அகராதி மரபில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வரும். ஆகவே அக்கா முன், அகம் பின். ஒருங்குறியில் புள்ளி எல்லா எழுத்துகளுக்கும் பின்னே இடம் பெற்றிருப்பதால் இதுவும் தலைகீழாகும்.

அச்சிட்ட ஒரு பட்டியலில் தம் பெயரைத் தேடும் முதியவர்க்கு இது சிறு பிழையன்று. தாம் கற்ற வரிசைப்படி விரல் வைத்துத் தேடுபவர், உரிய இடத்தில் பெயர் இல்லாதது கண்டு, பட்டியலிலேயே தாம் இல்லை என்று எண்ணித் திரும்பிவிடக்கூடும். இதற்கு மருந்தாக ஐசியு நீட்சி உள்ளது. ஒருங்குறிக் கூட்டமைப்பைச் சார்ந்த ஐசியு நிரலகம், உலக மொழிகளின் வரிசைநெறிகளைத் தன்னுள் தொகுத்து வைத்துள்ளது. தமிழுக்குரிய நெறியும் அதில் உண்டு. இந்நீட்சியை ஏற்றித் தமிழ் வரிசைநெறியை அழைத்தால் பெயர்கள் நெடுங்கணக்கின் ஒழுங்கில் நிற்கும். ஆயின் ஐசியு நிரலகம் எஸ்கியூலைட்டினும் பன்மடங்கு பெரிது. சிறிய கருவிகளில் அதனைச் சுமத்தல் அரிது. தமிழ் ஒன்றுக்கே உரிய வரிசைநெறியைச் சில நூறு வரிகளில் எழுதிச் சிறு நீட்சியாக அளித்தல் முற்றிலும் இயலக்கூடியது.

மற்றோர் இடரும் உண்டு. தோல் என்னும் சொல்லை இரண்டு வகையாக உள்ளிடலாம். ஓகாரக்குறியை ஒரே குறியீடாக இடுவது ஒன்று. ஏகாரக்குறியையும் காலையும் அடுத்தடுத்து இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒரே தோற்றம். கோப்பில் இரண்டும் வேறு பைட்டுகள். எஸ்கியூலைட் இவற்றை இருவேறு சொற்களாகக் கொள்ளும். ஒரே மனிதர் இரு மனிதராகப் பதிவாவதும், இருக்கும் பதிவு இல்லையெனத் தோன்றுவதும் இதனால் நிகழலாம். உள்ளிடும்போதே உரையை ஒரே வடிவுக்குக் கொணரும் இயல்பாக்கச் செயற்கூறும் நீட்சியாகவே வந்தாக வேண்டும்.

தேடலில் சிதையும் சொற்கள்

2015 முதல் எஸ்கியூலைட்டோடு வரும் எஃப்டிஎஸ்5 என்னும் முழுவுரைத் தேடற்கூறு வலிமை மிக்கது. நூறாயிரம் குறிப்புகளுக்குள்ளும் ஒரு சொல்லை நொடிப்பொழுதில் கண்டுதரும். ஆயினும் அதன் இயல்பான சொற்பகுப்பி, ஒருங்குறியில் எழுத்து, எண் என வகைப்படுத்தப்பட்டவற்றையே சொல்லின் பகுதிகளாக ஏற்கும். ஏனையவற்றைச் சொற்பிரிப்பிகளாகக் கருதும். தமிழின் புள்ளியும் உயிர்க்குறிகளும் ஒருங்குறியில் எழுத்து வகையினவல்ல, சேர்குறி வகையின. ஆகவே ஒவ்வொரு உயிர்க்குறியிலும் புள்ளியிலும் தமிழ்ச்சொல் துண்டாகிறது. ஆம்பூர் என்பது ஆம, ப, ர என மூன்று துண்டுகளாகச் சிதையும்.

இதன் விளைவை ஒரு சொல்லால் காட்டலாம். கூலி என்பது க, ல என்னும் இரு துண்டுகளாகும். கால், காலி, கேலி, கோல் ஆகியனவும் அதே க, ல துண்டுகளே ஆகும். தொழிலாளர் முறையீடுகளின் தொகுப்பில் கூலி என்று தேடினால், காலில் புண்பட்டவரின் முறையீடும் காலியிடம் பற்றிய குறிப்பும் சேர்ந்தே வந்து விழும். கேட்ட சொல்லும் அவற்றுள் இருப்பதால் தேடல் இயங்குவதுபோலவே தோன்றும். பிழை பிழையென்று தெரியாமல் மறைந்து நிற்பதே இதன் தீமை.

தீர்வுகள் சில உள. பின்னாளில் மையத்திலேயே சேர்க்கப்பட்ட ஒரு விருப்பத்தின்வழிச் சேர்குறி வகைகளையும் சொல்லின் பகுதியாக ஏற்குமாறு பகுப்பியைப் பணிக்கலாம். ஒரே வரியில் முடியும் இத்திருத்தத்தைத் தமிழ்ச் செயலி எழுதுவோர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். 2020 இல் வந்த மும்மைப் பகுப்பி, மூன்று மூன்று குறியீடுகளாக வெட்டிச் சுட்டு அமைக்கும். இது சொல்லின் நடுப்பகுதியையும் கண்டுபிடிக்கும். ஆனால் தீ என்பது போன்ற இரு குறியீட்டுச் சொல்லைத் தனியே தேட அதனால் இயலாது. சுட்டின் அளவும் பெருகும்.

தமிழ் ஒட்டுநிலை மொழியாதலின் மற்றொரு தேவையும் எழுகிறது. தோலை, தோலால், தோலுக்கு, தோலில், தோல்களின் எனும் வடிவங்களெல்லாம் தோல் என்னும் ஒரே சொல்லின்கீழ் அடங்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இப்பணியைச் செய்யும் நெறியை மார்ட்டின் போர்ட்டர் 1980 இல் வெளியிட்டார். அந்நெறி எஃப்டிஎஸ்5-இன் உள்ளேயே வருகிறது. பிற மொழிகளுக்கு அவர் தொடங்கிய ஸ்நோபால் என்னும் திட்டம் துணை நிற்கிறது. 2019 இல் வெளியான ஸ்நோபால் பதிப்பில் தமிழுக்கான அடிச்சொல் காணும் நெறியும் இடம்பெற்றது. அதே ஆண்டு வந்த போஸ்ட்கிரெஸ் 12 என்னும் பெருந்தரவுத்தளம் அதனைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. எஸ்கியூலைட்டின் மையம் அவ்வாறு சேர்த்துக்கொள்ளவில்லை. ஸ்நோபாலை எஃப்டிஎஸ்5-உடன் இணைக்கும் பணி ஆர்வலர் எழுதிய நீட்சியால் நடைபெறுகிறது. தமிழர் ஒருமுறை செய்த பணி பல கருவிகளுக்குச் சென்று சேர்வதற்கு இது நல்ல சான்று.

பெயர்களின் பல முகங்கள்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தமிழும் உருதும் அருகருகே வாழ்கின்றன. ஒரே பெயர் முகமது, முகம்மது, முஹம்மத் என ஏடுதோறும் வேறுபடும். இராணிப்பேட்டையும் ராணிப்பேட்டையும் ஓரூர். பேர்ணாம்பட்டும் பேரணாம்பட்டும் ஓரூர். ஆயிரக்கணக்கானோர் அடங்கிய ஒரு பட்டியலைப் பிற்காலப் பட்டியலோடு ஒப்பிட்டு, உரியவரை விடாமலும் ஒருவரை இருமுறை எண்ணாமலும் காத்தல் கைவேலையாகச் செய்தற்கு அரிது.

எஸ்கியூலைட்டின் மூலநிரல் தொகுப்பில், மையத்தில் சேராமல் தனித்து ஏற்றத்தக்க நீட்சியாக ஸ்பெல்ஃபிக்ஸ்1 உள்ளது. அதன் ஒரு செயற்கூறு, ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக மாற்ற எத்தனை திருத்தம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுத் தொலைவாகத் தரும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் என்ன விலை என்பதைப் பயனரே ஓர் அட்டவணையில் எழுதி வைக்கலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. ஹ-வுக்குப் பகரமாகக் க வருதல், ஜ-வுக்குப் பகரமாகச் ச வருதல், முதலில் இகரம் சேர்தல், ர-ற, ல-ள-ழ, ண-ன மயங்குதல் ஆகியவற்றுக்குக் குறைந்த விலையும், பிற மாற்றங்களுக்கு மிகுந்த விலையும் வைத்தால் தொலைவு தமிழியல்புக்கு ஏற்ப அமையும். இங்கே தேவைப்படுவது நிரலறிவினும் ஊரறிவு. எப்பெயர் எவ்வாறெல்லாம் எழுதப்படும் என்பதை இப்படுகையில் பள்ளி வருகைப் பதிவேடு எழுதிய ஓர் ஆசிரியரைப்போல் அறிந்தவர் வேறொருவர் இலர். அவர் அறிவு அட்டவணையாக மாறும்போது, நீட்சி இம்மண்ணுக்கு உரியதாகிறது. ஆயினும் தொலைவு குறைந்த பெயர்களை ஒன்றென முடிவு செய்தல் பொறியின் வேலையன்று. மனிதர் பார்த்துத் தெளிய வேண்டியவற்றை முன்னிறுத்துவதே அதன் வேலை.

கிணறும் தொலைவும் அளவும்

2019 இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. இராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. பழைய ஏட்டில் வேலூர் மாவட்டம் என்று பதிவான கிணறு இன்று வேறு மாவட்டத்தில் நிற்கிறது. அகலாங்கும் நெட்டாங்கும் கொண்டு பதிந்த கிணற்றுக்கு இக்குழப்பம் இல்லை. எல்லைகள் மாறினும் இடம் மாறாது.

இவ்விடக் குறிப்புகளைக் கையாளும் ஆற்றலை எஸ்கியூலைட்டுக்குத் தருவது ஸ்பேஷியாலைட் என்னும் நீட்சி. இத்தாலியரான அலெசாண்ட்ரோ ஃபுரியேரி 2008 இல் தொடங்கி வளர்த்த பணி இது. புள்ளி, கோடு, பரப்பு என்னும் வடிவங்களை அட்டவணையில் இடவும், ஒரு புள்ளி எப்பரப்பினுள் உள்ளது எனக் காணவும், இரு புள்ளிகளின் தொலைவை மீட்டரில் அளக்கவும் அது வழிசெய்கிறது. வேலூர்ப் பகுதியில் வடக்குத்தெற்காக ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். கிழக்குமேற்காக ஏறத்தாழ 108 கிலோமீட்டர். பாகைகளைத் தொலைவாக நேரே கொண்டால் கணக்குப் பிழைபடும். புவியின் வளைவைக் கணக்கிற் கொள்ளும் அறிவைப் புரோஜ் என்னும் கட்டற்ற நிரலகத்திடமிருந்தும், வடிவங்களை ஒப்பிடும் அறிவை ஜியோஸ் என்னும் மற்றொரு கட்டற்ற நிரலகத்திடமிருந்தும் ஸ்பேஷியாலைட் பெறுகிறது. பாலாற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கிணறுகள் எவை, ஒவ்வொன்றுக்கும் அருகிலுள்ள கழிவுநீர் வாய்க்கால் எது என்னும் வினாக்கள் இதனால் ஒரே வினவலில் விடை பெறும்.

அளவுகளைத் தொகுத்துக் கூறுவதிலும் நீட்சியின் துணை வேண்டும். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000 வரை ஒப்பலாம். குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம். ஓர் ஊரின் ஐந்து கிணறுகளில் 900, 1,100, 1,200, 1,400, 9,400 என அளவுகள் இருப்பதாகக் கொள்வோம். சராசரி 2,800, வரிசையின் நடுவே நிற்கும் நடுமதிப்பு 1,200. ஊர் முழுதும் 2,000 என்னும் வரம்பை மீறியது என்று சராசரி கூறும். ஒரு கிணறு மட்டும் பெருங்கேடுற்றது என்பதை நடுமதிப்பே உணர்த்தும். ஈடு யாருக்கு, ஆய்வு எங்கே என்னும் முடிவுகள் இவ்வேறுபாட்டைச் சார்ந்தவை. எஸ்கியூலைட்டின் மையம் தொடக்கத்திலிருந்தே சராசரியை அறியும். நடுமதிப்பையும் திட்டவிலக்கத்தையும் நெடுங்காலம் அறியாதிருந்தது. லியாம் ஹீலி என்பவர் பங்களித்த ஒரு நிரற்கோப்பே பல ஆண்டுகள் அக்குறையைத் தீர்த்து வந்தது.

பேணும் கடமை

ஆர்வலர் எழுதிய நீட்சிகளுக்கு மூவகை முடிவுகள் நேர்கின்றன. சில ஆற்றல்கள் மையத்துள் நுழைந்து நிலைபெறும். ஹீலியின் கோப்பு தந்த கணிதச் செயற்கூறுகளைப் போன்றவற்றை 2021 இல் எஸ்கியூலைட் தன் மையத்திலேயே அமைத்தது. 2015 இல் நீட்சியாகத் தொடங்கிய, ஜேசன் வடிவத் தரவைக் கையாளும் கூறு, 2022 இல் இயல்பாகவே உடன்வரும் பகுதியாயிற்று. சில நீட்சிகளைப் புதியவை வந்து அகற்றும். அலெக்சு கார்சியா எழுதிய எஸ்கியூலைட்-விஎஸ்எஸ் என்னும் திசையன் தேடல் நீட்சி, அவரே எழுதிய எஸ்கியூலைட்-வெக் என்பதற்கு இடம் விட்டு ஒதுங்கியது. எஞ்சியவை எழுதியவரின் ஓய்வுநேரத்தையே நம்பி வாழ்வன. அவர் வேலை மாறினால், உடல் நலிந்தால், ஆர்வம் குன்றினால் நீட்சி நின்றுவிடும். அது நின்றதைப் பயனர் உடனே அறியார். இயங்குதளத்தின் புதிய பதிப்பு வரும் நாளில் ஏற்ற இயலாமற் போகும்போதுதான் அறிவர்.

அன்டன் சியானோவ் தொகுத்துப் பேணும் எஸ்கியூலீன் இதற்கு ஒரு நல்ல விடை. சிதறிக் கிடந்த சிறு நீட்சிகளை ஓரிடத்தில் திரட்டி, ஒரே முறையில் தொகுத்து, சோதித்து, விண்டோசு, லினக்சு, மேக் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்றத்தக்க கோப்பாக அது வழங்குகிறது. நிரல் எழுதத் தெரியாத பயனருக்கு மூலநிரல் மட்டும் கிடைத்தால் போதாது. ஏற்றவல்ல கோப்பும் விளக்கவுரையும் வேண்டும். இவ்வுழைப்பு கண்ணுக்குத் தெரியாதது, புகழ் குறைந்தது, ஆனால் நீட்சியின் உயிர் அதில்தான் உள்ளது.

பாலாற்றுப் படுகைக்கு இவ்வுழைப்பு புதிதன்று. மணலுக்கடியில் ஓடும் நீரை வயலுக்குக் கொணர, ஆற்றுப்படுகையில் ஊற்றுக்கால்கள் வெட்டி இம்மண்ணின் உழவர் வாழ்ந்தனர். வெள்ளம் வந்த ஒவ்வொரு முறையும் கால்கள் மணலால் மூடும். ஊரார் கூடி ஆள் விட்டுத் தூர்வாரினாலன்றி நீர் வாராது. குடிமராமத்து என்பது இதுவே. வெட்டியவரின் பெயரை ஊர் மறந்தாலும், ஆண்டுதோறும் வாரியவரால் கால் ஓடியது. நீட்சி நிரலகமும் எழுதியவரால் பிறந்து, பேணுவோரால் வாழ்வது. மையத்தைக் காக்கும் பொறுப்பை ஒரு குழு 2050 வரை ஏற்றுள்ளது. தமிழ் நீட்சிகளுக்கு அத்தகைய உறுதியை அளிக்கத்தக்கவர் தமிழரைத் தவிர எவரும் இலர்.

படுகையில் செய்யத்தக்கவை

இப்படுகையில் கல்விநிலையங்கள் குறைவில்லை. 1919 இல் தொடங்கிய வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி, 1965 முதல் இயங்கும் மேல்விசாரம் அப்துல் அக்கீம் கல்லூரி, 1984 இல் தோன்றிய வேலூர்த் தொழில்நுட்ப நிறுவனம் எனக் கணினி பயிலும் மாணவர் ஆயிரக்கணக்கில் உள்ள நிலம் இது. அவர்கள் இறுதியாண்டில் செய்யும் செயல்திட்டங்கள் பெரும்பாலும் மதிப்பெண்ணோடு முடிந்துபோகின்றன. அவற்றுள் ஒரு பகுதி, ஆண்டுக்கு ஆண்டு கைமாறித் தொடரும் நீட்சிப் பணியாக அமையலாம்.

முதற்பணி சோதனைத் தொகுப்பு. தமிழ்ச்சொற்கள், அவற்றின் எழுத்தெண்ணிக்கை, அகரவரிசையில் அவற்றின் இடம், ஒவ்வொரு தேடலுக்கும் வரவேண்டிய விடை, வரக்கூடாத விடை ஆகியவற்றைத் தொகுத்துப் பொதுவுடைமையாக வெளியிட்டால், எந்த நீட்சியையும் எவரும் அதனைக்கொண்டு சோதிக்கலாம். இதற்கு நிரலறிவு மிகுதியாக வேண்டுவதில்லை. தமிழாசிரியரும் மாணவரும் சேர்ந்தே செய்யலாம். இரண்டாம் பணி, தமிழ் ஒன்றுக்கே உரிய சிறு வரிசைநெறியும் இயல்பாக்கச் செயற்கூறும். மூன்றாம் பணி, இவ்வட்டாரப் பெயர்களுக்கும் ஊர்களுக்குமான திருத்தவிலை அட்டவணை. உருதுப் பெயர்களைத் தமிழில் எழுதும் முறைகளை அறிந்த இப்படுகையே அதற்கு உரிய இடம். நான்காம் பணி, இவையனைத்தையும் கணினிக்கும் அலைபேசிக்கும் ஏற்றத்தக்க கோப்புகளாக்கி, எஸ்கியூலைட்டின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் மறுசோதனை செய்து வெளியிடுதல். ஒவ்வோராண்டு மாணவரும் தமக்குப் பின்வருவோர்க்கு நிரலோடு விளக்கவுரையையும் ஒப்படைத்தல் இதன் இன்றியமையாத நெறி.

இப்பணியால் மாணவர் பெறும் பயிற்சியும் சிறிதன்று. சி மொழியில் நினைவகத்தைக் கவனமாகக் கையாளுதல், ஒருங்குறியின் உள்ளமைப்பு, சோதனை எழுதும் ஒழுக்கம், பிறர் நிரலைப் படித்துத் திருத்தும் பணிவு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிட்டும். ஒரு பெருஞ்செயலியின் மூலையில் நின்று வேலை செய்வோர்க்குப் பல ஆண்டுகளிலும் கிட்டாத முழுமை, ஒரு சிறு நீட்சியைத் தொடக்கம் முதல் வெளியீடு வரை பேணுவோர்க்குச் சில மாதங்களில் கிட்டும்.

ஒரு கிணற்றின் அளவு சரியாகப் பதிவாதல், ஒரு பெயர் உரிய இடத்தில் நிற்றல், ஒரு முறையீடு தேடியபோது கிடைத்தல் ஆகியவை இப்படுகை மக்களின் உரிமையோடு பிணைந்தவை. அவ்வுரிமையைத் தாங்கும் கருவியின் மையத்தை உலகம் விலையின்றித் தந்துள்ளது. தமிழ் அறிந்த விளிம்பை அமைத்து, ஆண்டுதோறும் பேணுதல் நம் பொறுப்பு. அதனை ஒரு கல்லூரியின் ஒரு துறை இக்கல்வியாண்டிலேயே தொடங்கலாம். தேவையான மூலநிரல் அனைத்தும் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது.